குடை மட்டும் நடந்த ஊர்வலம்

"இதுல நான் எங்க இருக்கேன்?"

ரவிச்சந்திரன் இதை இரண்டாம் முறையாகக் கேட்டார். முதல் முறை சிரித்துக்கொண்டு கேட்டவர் இரண்டாம் முறை சிரிக்கவில்லை.

கிளிநொச்சியில் எங்கள் ஸ்ரூடியோவின் பின் அறை. மேசையில் நாலு கோப்பை பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது. கொம்பியூட்டர் திரையில் ஜெயபுரத்து மண் ஒழுங்கை. அதன் வழியே ஒரு சாமத்திய வீட்டு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. நடுவில், அன்றைக்குப் பெரியபிள்ளைச் சடங்கு முடிந்த தர்ஷினி, சிவப்புத் தாவணியில். அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா தியாகு, வேட்டி சட்டையோடு, மகளைப் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார்.

தியாகு அந்த ஊர்வலத்துக்கு வரவே இல்லை. அன்றைக்கு அவர் கட்டாரில் வேலையில் நின்றார். அவரை அந்த ஒழுங்கைக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான். கதிரையை விட்டு எழும்பாமல், ஒரு மாதம் இருந்து செய்த வேலை.

ரவிச்சந்திரன் தர்ஷினியின் தாய்மாமன். நாயாற்றில் ஒரு மீன் வாடியில் வேலை. முல்லைத்தீவுக் கடையில் குடை வாங்கி, அதற்குத் தன் கையாலேயே சரிகைக் குஞ்சம் கட்டி, சடங்கு நாளில் மருமகளுக்கு அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர். இப்போது படம் பார்க்கத் தன் அக்கா ஜெயந்தியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"குடை மட்டும் தனியா நடந்து வருது. புடிச்ச ஆளு எங்க அண்ணே?"

நான் திரையைப் பார்த்தேன். உண்மைதான். தியாகுவின் தலைக்கு மேலே சரிகைக் குஞ்சம் ஆட ஆடக் குடை வந்தது. அதைப் பிடித்த கை இல்லை. கைக்குரிய ஆளும் இல்லை. நான் அப்பாவைக் கொண்டுபோய் வைத்த இடத்தில்தான் மாமன் நடந்து வந்திருந்தார். அப்பா அவரை முழுதாக மூடிவிட்டார்.

அந்தப் பத்து வினாடியை ஒரு மாதமாகப் பார்த்தவன் நான். சட்டையின் பொத்தான் ஒன்று மங்கலாய் இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். ஒரு மனிதனைக் காணவில்லை என்பது மட்டும் என் கண்ணில் படவில்லை.

ஜெயந்தி சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரூடியோவை நடத்தும் கௌசி என்னைப் பார்த்தா. நான் கீழே பார்த்தேன். ரவிச்சந்திரனின் செருப்பில் கடல் மணல் ஒட்டியிருந்தது.

வெளிச்சத்துக்குப் பின்னால்

நான் அந்தக் கதிரைக்கு எப்படி வந்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

லைட் பிடித்த காலத்தைப் பற்றி இந்தத் தொடரில் போன கிழமை எழுதியிருந்தேன். அதை வாசிக்காதவர்களுக்கு இரண்டு வரி. கல்யாண வீடுகளிலும் சாமத்திய வீடுகளிலும் கமெராவோடு கூடப் போய், நீளத் தடியில் லைட்டை உயர்த்திப் பிடிப்பதுதான் என் வேலை. பல வருடம் அதைச் செய்தேன்.

எனக்குப் பொருத்தமான வேலை அது. லைட் பிடிப்பவனை ஒருவராலும் பார்க்க முடியாது. பார்த்தால் கண் கூசும். சின்ன வயதிலிருந்தே நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவன். பள்ளிக்கூடமும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதன் பிறகு நாங்கள் இடம் மாறிக்கொண்டே இருந்ததில், எந்தப் பள்ளிக்கூடத்திலும் என் பெயர் நிலைக்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு வெளிச்சத்துக்குப் பின்னால் நிற்க ஓர் இடம் கிடைத்தது பெரிய காரியம்.

ஊர்வலத்தில் லைட்காரன் பின்பக்கமாக நடக்க வேண்டும். மணமக்கள் முன்னால் வருவார்கள். நான் அவர்களைப் பார்த்தபடி, முதுகுப் பக்கம் கல்லோ குழியோ தெரியாமல், ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கிப் போவேன். முகங்களைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். ஆகவே கால்களைப் பார்ப்பேன். அவர்கள் ஓர் அடி வைத்தால் நான் ஓர் அடி பின்னால்.

புதுப்பெண்ணுக்குச் சேலை தடுக்கும், அடி சின்னதாக இருக்கும். குடை பிடிக்கிற மாமன்மார் கனமாக ஊன்றி நடப்பார்கள். பெற்றவர்கள் மட்டும் ஒரு சீராக நடக்க மாட்டார்கள். யாராவது கூப்பிட்டால் நிற்பார்கள், பிறகு இரண்டு எட்டு விரைந்து வந்து சேர்ந்துகொள்வார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது ஓர் அறிவாகத் தெரியவில்லை. விழாமல் இருப்பதற்கான வழி என்றுதான் நினைத்தேன்.

பிறகு தோளுக்குள் சண்டைக் காலத்திலிருந்து கிடக்கிற சின்ன இரும்பு அசையத் தொடங்கியது. கையைத் தலைக்கு மேலே உயர்த்தக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் கௌசியிடம் போய் வேலையை விடுகிறேன் என்றேன். கௌசிக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. குளத்தடியில் வயல் செய்கிற குடும்பம். கமெரா பிடிப்பதும் படம் வெட்டுவதும் அவாதான்.

"வீட்டை இருந்து என்ன செய்யப் போறியள் அண்ணை? வந்து கதிரையில இருங்கோ. எடிட்டிங் காட்டித் தாறன்."

"நான் படிக்காதனான் தங்கச்சி."

"மவுசும்தான் படிக்கேல்ல. அது ஓடித் திரியுதுதானே."

உடுக்கையாக மாறிய கல்

முதல் பாடம் ஒரு தாமரைப் பூ.

கல்யாண வீடியோவின் தொடக்கத்தில் பெயர்கள் வருமே, அந்த இடத்தில் பூ இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போக வேண்டும். கௌசி செய்து காட்டினா. பூவை இடது ஓரத்தில் வைத்து, மணிக்கூடு போல இருந்த சின்னப் படத்தை அமத்தினா. கீழே ஓடுகிற கோட்டில் மோதிரக் கல் மாதிரி ஒரு சின்னக் கட்டம் விழுந்தது. பிறகு கோட்டில் இரண்டு வினாடி தள்ளிப் போய், பூவை வலது ஓரத்துக்கு இழுத்து விட்டா. இன்னொரு கல் விழுந்தது.

"இதுதான் கீ. இஞ்ச ஒரு கீ, அங்க ஒரு கீ. நடுவில உள்ளதை அது தானே நிரப்பும்."

பூ நடந்தது. என் வாழ்க்கையில் நான் தொட்டு ஒரு பொருள் தானாக நடந்தது அன்றைக்குத்தான். நானே ஒருமுறை செய்தேன். எனக்கும் நடந்தது. திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கௌசி வாசலில் நின்று சொன்னா:

"அண்ணை, தாமரை களைச்சுப்போச்சு. கொஞ்சம் இருக்க விடுங்கோ."

ஆனால் எனக்கு ஒரு குறை தெரிந்தது. பூ போய் நின்ற விதம் சரியில்லை. சுவரில் மோதியது போல நின்றது. நெல்மூட்டை ஏற்றிய டிராக்டர் அப்படியா நிற்கும்? மெல்ல மெல்ல வேகத்தை விட்டுத்தானே நிற்கும். இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. சொன்னதும் கௌசி கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு வந்தா.

"அதை நான் அடுத்த மாசம் சொல்லித் தருவம் எண்டு இருந்தனான்."

கீபோர்ட் கட்டைகளின் மேல் வரிசையில் ஒன்பதாவதை அமத்தச் சொன்னா. கல் இரண்டு பக்கமும் அகன்று நடுவில் ஒடுங்கி உடுக்கை மாதிரி ஆனது. பூ இப்போது மெதுவாகப் புறப்பட்டது, நடுவில் விரைந்தது, ஓரத்துக்குப் போய் மூச்சு விட்டது போல நின்றது.

ஆங்கிலம் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அந்த மென்பொருளில் எந்தச் சொல் என்ன என்று வாசிக்க மாட்டேன். எந்த மூலையில் எது இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். கொப்பியில் எழுதி வைத்தேன். பி அடித்தால் இடம். எஸ் அடித்தால் அளவு. ஆர் அடித்தால் சுழற்சி. டி அடித்தால் மங்கல். நாலு எழுத்தில் ஒரு பொருளை நடத்தலாம், பெருப்பிக்கலாம், திருப்பலாம், மறைக்கலாம்.

சுழியத்துக்குக் கீழே

ஓர் இடத்தில் மட்டும் அடைபட்டு நின்றேன். பூவை மறுபக்கம் சுற்றும்போது எண்ணுக்கு முன்னால் கழித்தல் அடையாளம் வந்தது. ஐந்தாம் வகுப்பில் எங்களுக்குக் கழித்தல் இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருந்தது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எதைக் கழிப்பது?

கௌசி சுழியத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று விளக்கினா. நான் விளங்கியது போலத் தலையாட்டினேன். விளங்கவில்லை.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது குளத்துத் துருசில், வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகில், பதித்த அளவுகோல் நினைவுக்கு வந்தது. தண்ணீர் இறங்கிச் சுழியத்துக்கு வந்தால் வாய்க்காலுக்குத் தண்ணீர் கிடையாது. அதற்காகக் குளத்தில் தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியாது. அதற்குக் கீழேயும் கிடக்கும். மீன் கிடக்கும், மாடு குடிக்கும். எங்கள் கணக்குக்கு வராது, அவ்வளவுதான்.

மறுநாள் கௌசியிடம் இதைச் சொன்னேன்.

"எனக்குப் படிப்பிச்ச சேர் இப்பிடிச் சொல்லித் தரேல்லையே," என்றா. "சொல்லியிருந்தா நானும் கணக்குப் பாஸ் பண்ணியிருப்பன்."

தும்புத்தடி உயரம்

ஜெயந்தி எங்கள் ஊர்ப் பெண். எங்கள் வீட்டைப் போலவே, அவருடைய பெற்றோரும் மலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். மகளின் சடங்கு முடிந்து ஒரு கிழமையில் ஸ்ரூடியோவுக்கு வந்தார். கௌசியிடம் பேசாமல் நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, அவருக்கு லீவு குடுக்கல. ஊர்வலத்துல அவரு இல்லாம இருக்கிறது எனக்கு என்னமோ போல இருக்கு. நீங்க ஆளச் சேப்பீங்கன்னு சொன்னாங்க."

"போட்டோவா சேக்கணும்?"

"போட்டோ வேணாம். நடந்து வரணும். பாக்கிறவங்க ஒட்டினதுன்னு சிரிக்கக் கூடாது."

கௌசி எட்டிப் பார்த்து, "அண்ணை செய்வார்," என்றா. நான் செய்வேன் என்று எனக்கே தெரியாது.

தியாகு கட்டாரில் கட்டட வேலை செய்கிறார். வேலைத்தளத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருந்தார்கள். ஒரே நிறமாக இருந்தால் அந்த நிறத்தை அழித்து ஆளை மட்டும் பிரித்தெடுக்கலாம். ஆகவே அந்த வலையோரம் நடக்கச் சொன்னோம். பெயின்ற் வாளியின் மேல் போனை நிறுத்தி, யாரிடமோ வேட்டி இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு நடந்தார்.

நடப்பதற்கு முதல் அவர் ஜெயந்தியிடம் ஒன்று கேட்டாராம். "பிள்ள இப்ப எவ்வளவு உயரம்?" அவர் போகும்போது மகள் சின்னவள். ஜெயந்தி மகளைக் கதவு நிலையில் நிறுத்தி அளந்து சொன்னார். அங்கே கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் நிலம் கூட்டுகிற தும்புத்தடி ஒன்றை அந்த உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். தியாகு அந்தத் தடியைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டு நடந்தார்.

தடியையும் தடி பிடித்தவரையும் அழிக்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. அந்தச் சிரிப்பில் கை வைக்கவில்லை.

பிறகு தியாகுவை ஒழுங்கைக்குள் வைத்தேன். கமெரா ஓரிடத்தில் நிற்கிறது. ஊர்வலம் ஒரு மூலையிலிருந்து அதை நோக்கி வந்து கடந்து போகிறது. கிட்ட வர வர ஆள் பெருக்க வேண்டும். இடத்துக்கு ஒரு கீ, அளவுக்கு ஒரு கீ. எல்லாம் வந்தது, கால் மட்டும் வரவில்லை. எண்ணெய் பூசிய தரையில் போகிறவர் மாதிரிக் கால்கள் வழுக்கின. கௌசி ஒரு வழி சொன்னா. "கீழ பூத் தூவி விடுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான் மறைக்கிறவை." திரையில் ஒழுங்கை நிறையப் பூத் தூவினேன். கால்கள் மறைந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். ஜெயந்திக்குப் போன் எடுத்து வரச் சொன்னேன்.

அப்படித்தான் அந்த அக்காவும் தம்பியும் வந்தார்கள்.

ரெண்டு பேரும் வேணும்

"இந்தப் பூவெல்லாம் யாரு தூவினது? நாங்க தூவலியே," என்றார் ரவிச்சந்திரன்.

நான் மவுசை விட்டுக் கையை எடுத்தேன்.

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஆறிப்போன பிளேன்ரீயை எடுத்துக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"பத்து வருஷம் கழிச்சு இதப் பாக்கிறவன் என்ன சொல்லுவான்? தாய்மாமன் இருந்தும் சடங்குக்கு வரலன்னு சொல்லுவான். குடைய மட்டும் குடுத்து அனுப்பிட்டான்னு சொல்லுவான்."

எங்கள் ஆட்களின் சடங்கில் மாமன் முன்னுக்கு, அப்பா பின்னுக்கு. அது எனக்குத் தெரியாததா? எத்தனை வீட்டில் மாமனின் முகத்துக்கு லைட் பிடித்திருப்பேன். அப்பாவைச் சேர்க்கும் வித்தை கைவந்த பெருமையில் முறையை மறந்துபோனேன்.

கௌசி சமாதானத்துக்கு வந்தா. "அப்பாவை எடுத்துப்போட்டுப் பழைய மாதிரியே தாறம். மாமா முழுசா இருப்பார்."

"சரி," என்றார் ரவிச்சந்திரன். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

ஜெயந்தி அழவில்லை. "எனக்கு ரெண்டு பேரும் வேணும் தம்பி," என்றார்.

அப்போது ஒரு குரல், "ரெண்டு கிழமை தாங்க," என்றது. என்னுடைய குரல்தான்.

எல்லாரும் திரும்பினார்கள். இனிப் பேசித்தான் ஆக வேண்டும்.

"மாமன் இருந்த இடத்துலேயே இருப்பாரு. மச்சான் அவருக்கு ஒரு அடி பின்னால, தோள் ஓரமா வருவாரு. முறையும் அதுதானே."

ரவிச்சந்திரன் யோசித்தார். "எம் பக்கத்துல அவரு முகம் தெரியுமா?"

"தெரியும்."

"பூ?"

"பூ இருக்காது."

கௌசி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பூ இல்லாவிட்டால் கால் தெரியும்.

முழங்கை

ஒருவரை இன்னொருவருக்குப் பின்னால் வைப்பதென்றால், முன்னால் இருப்பவரை வெட்டி எடுக்க வேண்டும். ரவிச்சந்திரனுக்குப் பின்னால் பச்சை வலை இல்லை. வேலியும் பூவரசும்தான். ஆகவே அவரைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் கோடு போட வேண்டும். அவர் அசைய அசையக் கோடும் அசைய வேண்டும்.

முதலில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கீ வைத்தேன். ஒரு வினாடிக்கு இருபத்தைந்து படம். நாலு நாள் கண் எரிய எரிய வைத்து ஓடவிட்டால், மாமனின் விளிம்பு நடுங்கியது. குளிர்காய்ச்சல் பிடித்த ஆள் குடை பிடித்து வருவது போல இருந்தது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது கௌசி பக்கத்தில் வந்து இருந்தா.

"எல்லா இடத்திலயும் கீ வைச்சா அப்பிடித்தான் அண்ணை. எங்க திரும்புதோ அங்க மட்டும் வையுங்கோ."

நாலு நாள் வேலையை நானே அழித்தேன். பிறகு முழங்கையை மட்டும் பார்த்தேன். மேலே போகிறது, ஓர் இடத்தில் நின்று கீழே திரும்புகிறது. திரும்புகிற இடத்தில் ஒரு கீ. மறுபடி மேலே திரும்பும் இடத்தில் ஒரு கீ. நடுவில் விட்டுவிட்டேன். நடுக்கம் போய்விட்டது.

குடைக்காம்பு, கை, தோள், கழுத்து, காது என்று ஒவ்வொன்றாக முடித்தேன். அந்த மனிதர் வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடப்பவர் என்பது அவருடைய மனைவிக்குக்கூடத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

நிற்கிற கால் நிற்க வேண்டும்

அடுத்தது கால்.

என் மனைவி ராணி அந்த நாட்களில் ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, சந்தையில போறவங்க வாறவங்க காலையே பாக்கிறீங்க. செருப்புக் கடை போடப் போறீங்களா?"

கூச்சக்காரனுக்கு மனிதர்களைக் கால்களால்தான் தெரியும் என்று முன்பே சொன்னேன். ஆனால் அதுவரை நான் பார்த்தது நடக்கிற காலை. இப்போது நிற்கிற காலைப் பார்த்தேன். நடக்கும்போது எப்போதும் ஒரு கால் நின்றுகொண்டிருக்கிறது. குதிகால் மண்ணில் பட்ட கணத்திலிருந்து பெருவிரல் எழும்பும்வரை அது அசையாது. உடம்புதான் அதற்கு மேலால் தாண்டிப் போகிறது. லைட்டோடு பின்னால் நடந்தபோது நான் என் அடியை வைத்தது, எதிரே வருபவரின் குதி மண்ணில் படுவதைக் கண்டுதான்.

நான் தியாகுவின் உடம்புக்குக் கீ வைத்திருந்தேன். உடம்பு சீராகப் போனது. அதனால்தான் கால் வழுக்கியது.

எல்லாக் கீயையும் எடுத்துவிட்டேன். ஒழுங்கையில் ஒரு சின்னக் கல்லைக் குறித்துக்கொண்டேன். குதி அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் படும் படத்தில் ஒரு கீ. பெருவிரல் எழும்பும் படத்தில் இன்னொரு கீ. இரண்டுக்கும் நடுவில் கால் அந்தக் கல்லை விட்டு அசையக்கூடாது. அடுத்த குதிக்கு அடுத்த கல். பத்து வினாடியில் அவர் வைத்தது பதினாறு அடி.

தும்புத்தடியைப் பார்க்கத் தியாகு ஓரிடத்தில் வேகத்தைக் குறைத்திருந்தார். ஊர்வலம் வேகத்தைக் குறைக்கவில்லை. அதனால் அந்த இடத்தில் ஓர் அடி பிந்தினார். முதலில் அதை நேராக்க முயன்றேன். பிறகு, பெற்றவர்கள் ஊர்வலத்தில் அப்படித்தான் நடப்பார்கள் என்று நினைவு வந்தது. பிந்த விட்டேன். அடுத்த இரண்டு அடியை விரைவாக்கி மாமனின் தோளுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

கடைசியாக நிழல். மற்றவர்களின் நிழல் விழுந்த பக்கம் பார்த்து, அவரையே ஒரு பிரதி எடுத்துக் கறுப்பாக்கி, மண்ணில் படுக்க வைத்தேன்.

பூ இல்லாமல் ஓடவிட்டேன். கௌசி பார்த்தா. முன் அறைக்குப் போய், வாடிக்கையாளர் ஒருவரிடம், "கொஞ்சம் இருங்கோ, எடிட்டர் அண்ணையைக் கேட்டுச் சொல்லுறன்," என்று சொல்வது கேட்டது. அதுவரை நான் லைட் அண்ணை.

கட்டாரில் லீவு நாள்

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜெயந்தி வீட்டில் படம் போட்டார்கள். அங்கே தியாகுவுக்கு அன்றைக்கு லீவு. போனில் முகம் தெரிந்தது. தர்ஷினி போனைத் தொலைக்காட்சிக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தாள். சொந்தக்காரரும் அயலவருமாக விறாந்தை நிறைந்திருந்தது. ரவிச்சந்திரன் முன் கதிரையில். நானும் கௌசியும் வாசல் ஓரமாக நின்றோம்.

ஊர்வலம் வந்தது. மாமன் குடையோடு நெஞ்சை நிமிர்த்தி வந்தார். அவருடைய வலது தோளுக்குப் பின்னால் தியாகு. மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஓர் இடத்தில் பிந்தி, இரண்டு எட்டு விரைந்து.

பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா ஜெயந்தியின் பக்கம் திரும்பினார்.

"தியாகு எப்ப வந்துட்டுப் போனான்? எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே."

ஜெயந்தி வாயைச் சேலையால் மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கௌசி என் முழங்கையில் ஒரு இடி இடித்தா.

தர்ஷினி போனைத் தன் பக்கம் திருப்பினாள். "அப்பா, நடக்கிறப்ப என்னையத்தான் பாத்தீங்களா?"

"வேற யாரப் பாக்கிறது," என்றார் தியாகு.

ரவிச்சந்திரன் எழும்பி வந்து மருமகளிடமிருந்து போனை வாங்கினார்.

"மச்சான், நீங்க பின்னால வந்தது எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா கொஞ்ச நேரம் குடைய உங்க கையில குடுத்திருப்பேன்."

போனில் தியாகு தலையை ஆட்டினார்.

"வேணாம் ரவி. நீ நல்லாத்தான் புடிச்சிருக்க." பிறகு, "இன்னொரு தடவ போடச் சொல்லு," என்றார்.

மறுபடி போட்டார்கள். தர்ஷினி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ரவிச்சந்திரன் தன்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். ஜெயந்தி மூன்று பேரையும் பார்த்தார். ஒழுங்கை மண்ணை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். குதி, விரல், அடுத்த கல். பதினாறு அடியையும் வாய்க்குள் எண்ணினேன். ஒன்றுகூட வழுக்கவில்லை.